தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு பென்டிரைவ்

(பொதுக்குழுக் கூட்டம் முடிந்த பின் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)

மெயின்டெனன்ஸ் கட்டண விவாதம் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் நம் செகரட்டரி சார் ஈ-வேஸ்ட் சேகரிக்க ஒரு பெட்டி வைத்தாரே, அதில் ஆறு லேப்டாப் கிடந்தன. எடுத்து சார்ஜ் போட்டுப் பார்த்தேன். நான்கு நன்றாகவே ஆன் ஆயின. ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், "விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராதாம், 11 இதில் ஏறாதாம்" என்கிறார்கள். உண்மைதான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனால் அதனால் மெஷின் கெட்டுப்போய்விடவில்லையே. லினக்ஸ் மின்ட் ஓட 2 ஜிபி ராம் போதும். 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும்.

"அதெல்லாம் சரி, யார் சொல்லித் தருவது? கிளாஸுக்குப் பணம் கட்டணுமா?" என்று சி பிளாக் மாமி ஒருவர் கேட்டார். ஒரு பைசா கட்ட வேண்டாம் மாமி.

முதலில் பார்க்க வேண்டியது ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல். ஒவ்வொரு பாடமும் பத்து நிமிடம் போல இருக்கும். குரல் தமிழில் வரும், திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். அது நல்லதுதான், ஏனென்றால் நம் கம்ப்யூட்டரிலும் அப்படித்தானே தெரியப் போகிறது. சீரியல் பார்ப்பது போலச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் ஏறாது. அவர் ஒரு கட்டளை அடித்ததும் வீடியோவை நிறுத்துங்கள், நீங்களும் அதையே அடியுங்கள், அதே விடை வருகிறதா என்று பாருங்கள். பாடங்களைத் தயாரித்ததே அப்படிப் படிப்பதற்காகத்தான்.

படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குக் கணியம் இருக்கிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் க்னு/லினக்ஸ்' அங்கே இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் சிரமமில்லை என்றால் வில்லியம் ஷாட்ஸின் 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்'. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். பிடிஎஃப் இலவசம். மலைக்காதீர்கள், முதல் நான்கைந்து அத்தியாயம் போதும், மீதி தேவைப்படும்போது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் பவுண்டேஷனின் அறிமுகப் பாடம் உண்டு. அதை முடித்தவர்கள் 'பேண்டிட்' என்ற விளையாட்டை ஆடிப் பார்க்கலாம். தொலைவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் போய், அடுத்த கட்டத்துக்கான பாஸ்வேர்டைத் தேடி எடுக்க வேண்டும். என் பேத்தி ஆரம்பித்தால் சாப்பிடக்கூட வருவதில்லை.

இத்தனையும் சொன்னேனே தவிர, எல்லாவற்றையும் ஒரே நாளில் டவுன்லோடு செய்து வைக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். நாற்பது வீடியோ, ஏழு புத்தகம், ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒன்றை எடுங்கள், அதை முடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐந்து வருடம் முன்பு, ஒரு பாடமும் படிக்காமல், நேரடியாக நிறுவ உட்கார்ந்தேன். 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு வரி வந்தது. சி டிரைவ்தான் போகும், டி டிரைவ் தனி என்று நினைத்து அழுத்திவிட்டேன். இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் மாமியாரின் சதாபிஷேகப் படங்கள் அத்தனையும் போயின. அவர் இப்போது இல்லை. வீட்டில் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

அதனால்தான் நிறுவுவதற்கு முன் படியுங்கள் என்கிறேன். மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் செய்யலாம். டிஸ்க்கில் எதுவும் மாறாது. இரண்டு வாரம் அப்படியே பாடத்தைப் பாருங்கள், கட்டளைகளை அடியுங்கள், தப்பு செய்யுங்கள். அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கிருந்து உங்கள் பழைய டிஸ்க்கைத் திறந்து எதையாவது அழித்தால், அது நிஜமாகவே அழியும். அந்தப் பக்கம் போகாதீர்கள். வை-ஃபை, பிரிண்டர், ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்பதும் இந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். வருமான வரிக் கணக்குக்கோ ஆபீஸ் வேலைக்கோ விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்பவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். என்னிடம் மூன்று பென்டிரைவ் தயாராக இருக்கிறது. லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஹார்டு டிஸ்க்கை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.