வேரறிந்து சொல்லறிக!



இந்தித் திணிப்பை எதிர்ப்போர் கூடிய அவையில், இந்தி வழிப் பயிலும் மாணவன் ஆங்கிலச் சொற்களைக் கற்கும் முறைபற்றி உரை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். வடபுலத்து ஏழை மாணவன் தமிழனுக்குப் பகைவன் அல்லன். அவன் தலைமேல் ஏற்றப்பட்ட சுமையை அறிந்தால்தான், தமிழ்ப்பிள்ளையின் தலைமேல் ஏற்ற முனையும் சுமையின் எடை விளங்கும்.

முதற்கண், இந்தி பேசுவோர் யாவர்? 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, ஏறத்தாழ 52.8 கோடிப் பேரை 'இந்தி' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடைத்தது. அவருள் 5 கோடிப் பேர் தம் தாய்மொழி போசுபுரி என்றே கூறியவர்கள். மகதி, சத்தீசுகரி, இராசத்தானி பேசுவோரும் அத்தலைப்புக்குள்ளேயே அடைக்கப்பட்டனர். இந்தியையே தாய்மொழியாகக் கூறியவர் ஏறத்தாழ 32.2 கோடிப் பேர் மட்டுமே. ஆகவே, பீகாரின் சிற்றூர்ப் பிள்ளைக்குப் பள்ளியில் புகட்டப்படும் ஏட்டிந்தியே பாதி அயன்மொழி. அதன்மேல் ஆங்கிலம் ஏறுகின்றது.

1967-இல் பீகாரின் கல்வி அமைச்சராக இருந்த கர்ப்பூரி தாக்கூர், பள்ளியிறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் தேறியே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்கினார். ஆங்கிலம் ஒன்றனாலேயே ஏழைப்பிள்ளைகள் தோற்று வீடு திரும்புகின்றனர் என்பதே அவர் காட்டிய கரணியம். அக்கரணியம் நேர்மையானது. ஆயினும் உயர்கல்வியின் வாயிலிலும் அலுவலகத்தின் வாயிலிலும் ஆங்கிலம் காவல் நின்றது. செல்வர் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர். ஏழைப்பிள்ளையோ வளர்ந்தபின் சொற்பட்டியலை வாங்கி நெட்டுருச் செய்யத் தொடங்கினான்.

நெட்டுருவால் சொல்வளம் பெருகுமா? பெருகாது! இன்று நூறு சொல்லை விழுங்கினால் அடுத்த கிழமை பத்துச் சொல்லே எஞ்சும். வேர் பிடியாத நாற்று எத்தனை நாள் நிற்கும்?

வழி வேறு உண்டு. 'போர்ட்' என்னும் இலத்தீன் வேர் 'சுமந்து செல்' எனப் பொருள்படும். அதற்கு முன்னொட்டுகள் சேர, உள்ளே கொணர்வது 'இம்போர்ட்', வெளியே கொண்டுசெல்வது 'எக்சுபோர்ட்', ஓரிடத்திலிருந்து ஓரிடம் சேர்ப்பது 'டிரான்சுபோர்ட்', செய்தியைத் திரும்பக் கொணர்வது 'ரிப்போர்ட்' என ஒரு குடும்பமே பிறக்கின்றது. இந்தி மாணவனுக்கு இம்முறை புதியதன்று. 'எடுத்துச்செல்' எனப் பொருள்படும் ஒரே சமற்கிருத வேர், முன்னொட்டு மாற மாற, 'ஆகார்' என உணவாகவும், 'பிரகார்' என அடியாகவும், 'சங்கார்' என அழிவாகவும் அவன் மொழியில் வழங்குகின்றது. அதனை எடுத்துக்காட்டி ஆங்கிலத்தைக் கற்பிக்கும் ஆசிரியன், ஒரு வேரால் பத்துச் சொல்லைக் கொடுத்துவிடுகின்றான்.

பெல்சிய நாட்டிற் பிறந்த காமில் புல்க்கே அடிகளார் இவ்வுண்மையை உணர்ந்தவர். அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதாமல், இந்தியிலேயே எழுத இசைவு பெற்றார். இந்தி வழியே ஆங்கிலம் கற்போர்க்கென 1968-இல் ஆங்கில–இந்தி அகரமுதலியை வெளியிட்டார். அயல்நாட்டார் ஒருவர் அறிந்த உண்மையைத் தமிழ்நாட்டு ஆங்கிலப்பள்ளி முதலாளிகள் இன்னும் அறியவில்லையே!

இனி, தமிழர் உளங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு கருத்துக்கு மூன்று படியில் சொற்கள் உண்டு. 'ஆசுக்' என்பது அம்மொழியின் பழஞ்சொல். 'குவெசன்' பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டெரோகேட்' இலத்தீனிலிருந்து எடுத்தது. இந்தியிலும் அவ்வாறே: 'பூச்னா' மக்கள் வழக்கு, 'சவால்' அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது, 'பிரசுன்' சமற்கிருதம். இரு மொழியும் மேற்படிக்குக் கடன்பட்டே ஏறின.

தமிழில்? கேள், வினவு, உசாவு. மூன்றும் தமிழே! பொது வழக்குக்குக் கேள். செறிந்த நடைக்கு வினவு. துருவி ஆராய்வதற்கு உசாவு. கடன் வாங்காமலேயே மூன்று படியும் கட்டிய மொழி இது. அத்தகைய மொழிக்கு உரியவர்கள், உசாவலை மறந்து 'என்கொயரி' என்கின்றனர். தன் மொழியில் மூன்று படியும் அறிந்தவன், ஆங்கிலத்தின் மூன்று படியையும் எளிதிற் பிரித்தறிவான். தன் மொழியில் ஒரு படியே அறிந்தவனுக்கு அம்மூன்றும் ஒன்றாகவே தோன்றும். ஆங்கிலப் புலமைக்கும் தமிழே அடிப்படை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பாவாணர் வாழ்நாளெல்லாம் உழைத்த வேர்ச்சொல் ஆய்வும் பிறமொழிக் கல்விக்குத் தடை என்பார் கூற்று இதனால் தகர்கின்றது. பீகாரின் பிள்ளைக்குப் போசுபுரி வழியும், தமிழ்ப்பிள்ளைக்குத் தமிழ் வழியும் கதவு திறக்கட்டும். அயன்மொழியை அவரவர் தேவைக்குக் கற்கட்டும். எவர் தலையிலும் எவரும் ஏற்ற வேண்டா.

இளையோரே! இன்றிரவு முதல் நாளொன்றுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எடுங்கள். அதன் வேரைத் தேடுங்கள். அதற்கு நேரான தமிழ்ச்சொற்களை ஒன்றுக்கு மூன்றாக எழுதுங்கள். ஆண்டு முடிவில் இரு மொழியும் உங்கள் கைப்பட்டிருக்கும்.

வெல்க தமிழ்!