ஆதனவரியும் ஊர்ப் பள்ளிக்கூடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சில மாதங்களுக்கு முன் எமது சங்கத் திண்ணையில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. "அமெரிக்காவில் வீடு வளவுக்குக் கட்டும் வரியிலேதான் அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நடக்கிறதாம். பிரதேச சபை வாங்கும் வரியை நாமும் எமது பள்ளிக்கூடத்துக்கே கொடுத்தால் என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வாலிபர் பலர் தலையாட்டினார்கள். மறுமொழி சொல்ல எம்மிடம் அன்று விஷயம் இருக்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து படித்தபின் அவருக்குச் சொல்லவேண்டியதை இங்கே சொல்ல முற்படுகின்றோம்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊரார் பணத்தில் நடக்கும் பள்ளியில் ஊரார் கணக்குக் கேட்கலாம். கூரை ஒழுகினால் மாகாண அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு அடுத்த மாரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த உரிமையை அற்பமென்று நாம் தள்ளமாட்டோம்.

ஆனால் அமெரிக்காவில் நடந்தது யாதென்று கேளுங்கள். ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் எட்ஜ்வூட் என்றொரு ஏழைப் பகுதி. அதே நகரில் அலமோ ஹைற்ஸ் என்றொரு செல்வர் பகுதி. 1967-68ஆம் பள்ளியாண்டில், எட்ஜ்வூட் மக்கள் நூறு டொலர் பெறுமதியான ஆதனத்துக்கு 1 டொலர் 5 சதம் வரி கட்டினார்கள். செல்வர் பகுதியார் கட்டியதோ 85 சதம் மாத்திரமே. அப்படியிருந்தும் அந்த வரியால் எட்ஜ்வூட்டுக்குப் பிள்ளையொன்றுக்குக் கிடைத்தது 26 டொலர். அலமோ ஹைற்ஸுக்கு 333 டொலர்! அதிக விகிதத்தில் வரி கட்டியவன் பிள்ளைக்குக் குறைந்த பள்ளிக்கூடம். மாநில அரசும் மத்திய அரசும் கொடுத்த பணத்தைச் சேர்த்த பின்னும் கணக்கு 356க்கு 594 என்றே நின்றது.

எட்ஜ்வூட் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 1973இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதியரசர் எதிராகவும் நால்வர் சார்பாகவும் நிற்க, வழக்குத் தோற்றது. பின்னர் ரெக்சாஸ் மாநிலத்தின் சொந்த அரசியலமைப்பை வைத்து வழக்காடி 1989இல் வென்றார்கள். செல்வப் பகுதிகளின் வரியில் ஒரு பங்கை வாங்கி ஏழைப் பகுதிகளுக்குக் கொடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் படித்து முடித்துவிட்டார்கள்.

இனி எமது ஊருக்கு வருவோம். ஜெயபுரத்தில் வரி விதிக்க என்ன இருக்கிறது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, கட்டிடங்கள் நெருங்கிய பகுதியெனப் பிரகடனம் செய்த இடத்திலேதான் ஆதனவரி அறவிடலாம். வன்னியிலே பலருடைய காணிக்கு உறுதி இல்லை, அனுமதிப்பத்திரமே உண்டு. விற்கமுடியாத காணிக்குப் பெறுமதி எழுதுவது எப்படி? வானம் பார்த்த வயலும், 2008இன் இடப்பெயர்வுக்குப் பின் திரும்பிவந்து கட்டிய வீடுகளுமே எமது ஆதனம். கடைத்தெருவும் வங்கியும் உள்ள பட்டினத்தோடு இந்த வரியில் நாம் போட்டியிட்டால், எட்ஜ்வூட்டின் கதிதான் எமக்கும்.

அயலிலும் இது நடந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் உள்ளூர்ச் சபைகள் கல்வி வரி விதிக்க இடங்கொடுத்தது. அவ்வரிக்கு ஈடாக அரசும் பணம் சேர்த்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் அதிகம் திரட்டக்கூடிய ஊருக்கே அரசின் ஈடும் அதிகம் போகும் என்பதைக் கவனியுங்கள்.

நாம் படித்தது மிஷன் பாடசாலையில். அதன் பழைய கல்லுக் கட்டிடங்கள் யார் காசில் எழும்பின என்று அங்கே படிக்கும் காலத்தில் நாம் கேட்டதேயில்லை. கடலுக்கு அப்பால், எமது ஊரின் பெயரையே அறியாதவர்கள் காணிக்கைத் தட்டிலே போட்ட சில்லறையும் அதில் உண்டு. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை அமைத்தார். அவர் கைக்கொண்ட பிடியரிசி முறையிலே, தம் பிள்ளையை அனுப்பாத வீட்டாரும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். பின்னர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, இலங்கை முழுவதும் ஒரே உலை என்றாயிற்று. அதை மறுபடி ஊர் ஊராகப் பிரிக்க நாம் கேட்கலாமா?

ஆயினும் உள்ளதைச் சொல்லவேண்டும். பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் வரும் ஊரின் பள்ளிக்கு மாடிக் கட்டிடமும் கணினியும் வருகின்றன. வராத ஊரில் தளபாடத்துக்கே திண்டாட்டம். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் பல இடங்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்குச் சமமாகத் திரட்டுகின்றன. கூலி வேலை செய்து பிள்ளையை வளர்க்கும் விதவைத் தாயும் நெல் ஆலைச் சொந்தக்காரரும் ஒரே தொகை கொடுக்கிறார்கள். இதுவும் வரிதான், பெயர்தான் நன்கொடை. உண்மையில் ஆதனவரியிலும் இது பொல்லாதது, ஏனெனில் ஆதனவரி இல்லாதவனிடம் கேட்பதில்லை.

ஆகவே திண்ணையில் கேட்ட பெரியவருக்கு எமது மறுமொழி இது. ஆசிரியர் சம்பளமும் கட்டிடமும் அரசின் பொதுப் பணத்திலிருந்தே வரவேண்டும்; பின்தங்கிய ஊருக்கு அதிகமாக வரவேண்டும். கணக்குக் கேட்கும் உரிமையை அதற்காக விடவேண்டியதில்லை. நாமும் விலைவாசியோடு சேர்த்து மறைமுக வரி கட்டுகிறோமே! எமது சங்கம் இரு காரியங்களைச் செய்யும்படி பிரேரிக்கின்றோம். பள்ளிக்கு ஆண்டுதோறும் அரசிடமிருந்து வந்த பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கக் கேட்டு எழுத்தில் மனுக்கொடுக்க வேண்டும். மேலும், சரஸ்வதி பூசைக்கு முன் நாம் திரட்டும் புத்தக நிதியை இந்த வருடம் வீட்டுக்கு வீடு சமமாக வாங்காமல், காலபோக அறுவடையின்பின் விதைத்த ஏக்கரைப் பார்த்து நெல்லாக வாங்குவோம். வயல் இல்லாத வீட்டாரிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். சாக்குத் தூக்க வாலிபர் பன்னிருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உழவு இயந்திரம் தரக்கூடிய பெரியோர் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் சொல்லும்படி வேண்டுகின்றோம்.