குடும்பச் சண்டைக்குக் கிரகமா காரணம்?



வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறோம். அவன் கிரகம் சரியில்லையென்று சொல்லிப் பரிகாரத்திற்குப் பணம் வாங்கிக்கொள்ளுகிறான். அதிலும் தீராவிட்டால், மருமகளுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி மந்திரவாதியிடம் இழுத்துப் போய் வேப்பிலையால் அடிக்கச் செய்கிறோம். சண்டை இருவருக்கு, அடி மட்டும் ஒருத்திக்கு! இது என்ன நியாயம்?

அறிவாளிகள் இதை வேறு விதமாய்ப் பார்த்தார்கள். அமெரிக்காவில் மர்ரே போவன் என்ற மனநோய் வைத்தியர் 1954-ம் வருஷம் முதல், சித்தம் கலங்கிய நோயாளிகளோடு அவர்களுடைய தாய்மார்களையும், பிறகு குடும்பத்தார் மற்றவர்களையும் ஆஸ்பத்திரியிலேயே தங்கச் செய்து கவனித்தார். நம் நாட்டிலும் 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரம் போட்டு உடன் தங்க வைத்தார்.

இருவருக்குள் மனஸ்தாபம் முற்றினால், மூன்றாவது ஆளை நடுவில் இழுத்துக்கொள்ளுவது மனித சுபாவம் என்றார் போவன். நம் வீட்டுச் சங்கதியும் இதுதானே! மாமியார் தன் குறையை மகனிடம் சொல்லுகிறாள். மருமகளும் அவனிடமே சொல்லுகிறாள். அவனோ இரு பக்கமும் தலையாட்டிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறான். சொல்ல வேண்டியவளிடம் சொல்ல வேண்டியதை ஒருவரும் சொல்லுவதில்லை.

குடும்ப வைத்தியத்தில் எல்லோரையும் ஒன்றாய் உட்கார வைக்கிறார்கள். வைத்தியர் பஞ்சாயத்துத் தீர்ப்புச் சொல்லுவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. “நீ எப்போதுமே இப்படித்தான்” என்று ஏசாமல், “இன்ன காரியத்தால் என் மனம் புண்பட்டது” என்று சொல்ல வேண்டும். கேட்டவர், தாம் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சண்டை குழம்பு உப்பைப் பற்றியதல்ல, சம்பளப் பணம் யார் கையில் என்பதைப் பற்றியது என்பது வெளியே வரும். பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் இந்த வைத்தியத்திற்கென்றே தனிப் பிரிவு இருக்கின்றது.

ஒன்று மறக்கக் கூடாது. அடித்து உதைக்கும் புருஷன் எதிரில் மனைவியை உட்கார வைத்து “மனம்விட்டுப் பேசு” என்றால், வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடிப்பான். அங்கே முதலில் வேண்டியது அவளுக்குப் பாதுகாப்பு; அதற்கென்றே 2005-ம் வருஷத்துச் சட்டம் இருக்கின்றது. மருந்து வேண்டிய நோய்க்கு மருந்தும் வேண்டும்.

ஆகவே தோழர்களே! ஜோசியன் வீட்டுக்குப் போகிற காலை நிறுத்தி, முதலில் வீட்டாரோடு உட்காருங்கள். உங்களால் முடியாவிட்டால் படித்த வைத்தியரிடம் போங்கள். போகும்போது மருமகளை மட்டும் அனுப்பாமல், மாமியாரும் மகனும் கூடவே போங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.