முறிந்த உறவைச் சேர்க்கும் நீதி



திருவனந்தபுரம் கோட்டைக்கு அருகே, வராகப் பெருமாள் கோயிலையும் அதன் அகன்ற குளத்தையும் சூழ்ந்து அமைந்தது ஸ்ரீவராகம். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அது நெடுநாளைய இருப்பிடம். அங்கே வாழும் நாங்கள் செய்த பிழை ஒன்றைக் கூறித் தொடங்குகிறோம்.

எங்கள் வீட்டில் மோதிரம் ஒன்று காணாமற் போயிற்று. வேலை செய்துவந்த மலையாள அம்மையார்மீது ஐயங்கொண்டோம். அண்டை வீட்டார் கேட்க அதனை வாய்விட்டும் சொன்னோம். அவர் கண்ணீரோடு வெளியேறினார். பத்து நாட்களுக்குப் பின் மோதிரம் அரிசிப் பானையின் அடியில் அகப்பட்டது.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆயினும் நெஞ்சு ஆறவில்லை. காயப்பட்டவர் வேறொருவர் அல்லவா? பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகிவரும்படி மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசுபிரான் பணிக்கிறார். சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வந்தான். வருத்தம் வாயோடு நின்றுவிடவில்லை; பணப்பையையும் திறந்தது.

குற்றவாளிக்கு என்ன தண்டனை என்று மட்டும் கேட்பது ஒருவகை நீதி. காயப்பட்டவர் யார், அவர் இழந்தது என்ன, அதனை ஈடுசெய்யும் கடமை யாருடையது என்று கேட்பது மற்றொரு வகை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மிரா என்னும் ஊரில், 1974-இல் இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் சேதம் விளைவித்தனர். மெனோனைட் சபையைச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர் மார்க் யான்சியின் யோசனையை ஏற்று, நீதிபதி அவர்களை இழப்புற்றோரின் இல்லங்களுக்கு அனுப்பினார். அவர்கள் நேரில் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, நஷ்டத்தையும் ஈடுசெய்தனர்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கேரளத்துப் புல்லுவழியில் 1954-இல் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்து உதயநகரில் ஏழைகளை வட்டிக் கடனிலிருந்து மீட்க உழைத்தார். 1995 பிப்ரவரி 25-ஆம் நாள், பேருந்தில் சென்றவரைச் சமந்தர் சிங் என்பவர் குத்திக் கொன்றார். 2002-இல் ராணி மரியாவின் தங்கை, அருட்சகோதரி செல்மி பால், சிறைக்குச் சென்று அவர் கையில் ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். 2006-இல் விடுதலை பெற்ற சமந்தர் சிங், பின்னர் புல்லுவழிக்குச் சென்று பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு சட்டத்தை அகற்றிவிடவில்லை. அவர் பதினோராண்டளவு சிறையில் இருந்தார். ஆனால் சிறையால் தர இயலாத ஒன்றை அக்குடும்பம் தந்தது.

எங்கள் கதைக்கு வருவோம். அவமதிப்பு அயலார் முன்னிலையில் நேர்ந்தது. ஆகவே அவர்களுள் இருவரை அழைத்துக்கொண்டு அம்மையாரின் இல்லம் சென்றோம். காரணம் கற்பிக்காமல், அவர் மொழியிலேயே, "க்ஷமிக்கணம்" என்றோம். வேலையிழந்த நாட்களின் கூலியையும் கொடுத்தோம். கூலியை அவர் பெற்றுக்கொண்டார். மீண்டும் வேலைக்கு வர மறுத்தார். அது அவருடைய உரிமை. மன்னிப்புக் கேட்பது நம் கடமை. அதனை உடனே தரவேண்டுமென்று காயப்பட்டவரை வற்புறுத்துவது இரண்டாவது காயம். இப்பொழுது வழியில் எங்களைக் கண்டால் அவர் நின்று பேசுகிறார். அதுவே எங்களுக்குப் பெரும் பேறு.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்குப் பிணக்கைத் தீர்த்துவைக்க ஊர்ப் பெரியவரும் பங்காளியும் அருகில் இல்லை. ஆதலால் மௌனமாகப் பகைக்கிறோம். அன்றிக் காவல் நிலையத்தின் படியேறுகிறோம். முதலில் தனியே பேசு, பின்பு ஓரிருவரை அழைத்துச் செல், அதன்பின் சபையிடம் கூறு என்னும் மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தின் ஒழுங்கு நமக்கு உற்ற துணை. வன்முறை நிகழ்ந்த இடத்தில் சட்டத்தின் காவலே முதலில் வேண்டும். மற்றவற்றில், நாம் வாசற்படி ஏறிச் சொல்லவேண்டிய ஒரு சொல் யாருக்கேனும் கடனாக நிற்கிறதா? இந்த வாரமே சென்று அதனைச் சொல்லிவருவோமாக.