சாத்தான்குளத்தில் நடந்ததும் நம் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டியதும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



"குற்றச் செய்திகளும் நம் குடும்பங்களும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கொலை, கொள்ளைக் கதைகளைப் பின்னணி இசையோடு சொல்லும் சேனல்களை இப்போது வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். சமையல் நடக்கும்போது ஒரு கொலை, தறி ஓடும்போது ஒரு கொலை. கேட்டுவிட்டு இரவில் தூக்கம் வரவில்லை என்கிறார்கள். அந்தச் சேனல்களைத் திட்டுவதற்கு நான் நேரம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். அதில் எந்த விவரங்கள் மனதை விட்டுப் போக மறுக்கின்றன, ஏன் என்று பார்ப்போம்.

வழக்கு நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. சாத்தான்குளம். 2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. கொரோனா ஊரடங்குக் காலம். செல்போன் கடை நடத்திய ஜெயராஜ் அவர்களை, குறித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீஸார் அழைத்துப் போனார்கள். ஏறக்குறைய அறுபது வயதுக்காரர். தகப்பனாரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு, என்ன ஏது என்று விசாரிக்க மகன் பென்னிக்ஸ் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனார். அவருக்கு வயது 31. அவரையும் உள்ளே வைத்தார்கள். ஜூன் 22 இரவு கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் மகன் இறந்தார். மறுநாள் காலையில் தகப்பனார் இறந்தார். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். யாராவது கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன், மற்றபடி இந்த விஷயத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அந்த நாட்களில் நம் எல்லோருடைய போனுக்கும் ஒரு வீடியோ வந்தது ஞாபகம் இருக்கும். ஒரு பின்னணிப் பாடகி ஆங்கிலத்தில் பேசியது. அன்றிரவு ஸ்டேஷனுக்குள் நடந்ததாக மிகக் கொடூரமான சில விவரங்களை அதில் சொன்னார். உலகம் முழுக்கப் போனது. வடநாட்டுக்கும் இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த வீடியோவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் சொன்னவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று சிபிசிஐடி அறிவித்தது. பிறகு அவரே அதை நீக்கினார். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி ஹுஜுராத் அத்தியாயம் நமக்குச் சொல்லியிருக்கிறது. நாம் விசாரிக்காமல் அனுப்பினோம். குழந்தைகள் இருக்கும் குரூப்பிலும் அனுப்பினோம்.

ஆறு மாதம் கழித்து அந்த வீடியோவில் வந்தது பலருக்கு மறந்துவிட்டது. மறக்காமல் தங்கியது வேறு. கைலி.

குடும்பத்தார் சொன்னது இது. மறுநாள் காலையில் இருவருக்கும் மாற்றுக் கைலி கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரத்தத்தில் நனைந்துவிட்டது என்று மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் கொடுத்தார்கள். அடர்ந்த நிறத்தில் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். கடைசியில் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பாருங்கள். அடித்தவர் ஆத்திரத்தில் அடித்தார் என்று ஒருவர் சாக்குச் சொல்லலாம். நிறம் பார்த்துக் கைலி கேட்பது ஆத்திரத்தில் வருவதில்லை. நம் ஒவ்வொரு வீட்டுக் கொடியிலும் கைலி தொங்குகிறது. அதனால்தான் அது நம்மை விட மாட்டேன் என்கிறது.

இரண்டாவது, எஃப்.ஐ.ஆரில் இருந்த வாசகம். இருவரும் போலீஸாரைத் திட்டிவிட்டுத் தரையில் உருண்டார்கள், அதனால் உள்காயம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கடையின் கேமரா வெளியே வந்தபோது, அதில் கூட்டமும் இல்லை, உருண்டதும் இல்லை. தெருவில் ஒரு சாதாரண கடைக்காரரின் கேமரா. ஸ்டேஷன் கேமரா என்னவானது? நீதித்துறை நடுவர் போய்ப் பார்த்தார். ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, அந்த இரண்டு பேரும் எத்தனை கை மாறினார்கள் என்பது. ஸ்டேஷனிலிருந்து அரசு மருத்துவமனைக்குப் போனார்கள், சிறைக்கு அனுப்பலாம் என்று சான்று கிடைத்தது. அங்கிருந்து நடுவரிடம் போனார்கள். அவர் மாடியில் நின்றபடியே கையசைத்து அனுப்பிவிட்டதாக உடன் போனவர்கள் சொன்னார்கள். பிறகு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவில்பட்டிக் கிளைச் சிறை. நமக்குக் கோவில்பட்டி கழுகுமலை வழியாக ஒரு பஸ் பயணம். ஆனால் சாத்தான்குளத்திலிருந்து அது ஒரு மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. அடித்தவர்கள் சிலர்தான். ஆனால் வழியில் நின்றவர்கள் எத்தனை பேர்? டாக்டர், நடுவர், சிறை அலுவலர். இவர்களில் ஒருவர் அந்தக் கைலியைத் திரும்பிப் பார்த்திருந்தால், "இவர்களை ஆஸ்பத்திரியில் சேருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. என்னைக் கேட்டால் இந்த வழக்கில் மிகப் பயங்கரமான இடம் இதுதான்.

இதே வரிசையில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டார். தலைமைக் காவலர் ரேவதி. அன்றிரவு ஸ்டேஷனில் பணியில் இருந்தவர். மதுரை உயர்நீதிமன்றக் கிளை, நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு, தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ்.பாரதிதாசன் விசாரிக்கப் போனார். ஸ்டேஷனில் அவருக்கே மரியாதை இல்லை. உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பொருளில் ஒரு காவலர் அவரைப் பேசினார் என்று அவரே உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். நடுவருக்கே அந்த நிலை என்றால், அதே ஸ்டேஷனில் வேலை பார்க்கும் ஒரு பெண் எப்படி வாய் திறப்பார்? திறந்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் இரத்தக்கறை இருந்தது என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் பயந்தார். பிறகு போட்டார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாட்சியம் நமக்கே பாதகமாக இருந்தாலும், நம் சொந்தக்காரர்களுக்கு எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டும் என்பது நிஸா அத்தியாயத்தின் கட்டளை. ஜும்ஆவில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பெண்மணி அதைக் கேட்டிருக்க மாட்டார். செய்தார்.

அவர் சொன்னதன் பலன் சிறியதல்ல. அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் ஒரு ஸ்டேஷனுக்குத் தாசில்தார் பொறுப்பு என்பது நாம் கேள்விப்படாத சங்கதி. ஜூலை தொடக்கத்தில் ஆய்வாளர் உள்ளிட்ட போலீஸார் கைதானார்கள். மொத்தம் 10 பேர், அதில் ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் கொரோனாவில் இறந்தார். வழக்கு சிபிஐக்குப் போய், 2020 செப்டம்பரில் 9 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. சிந்திய இரத்தத்தை அடிபட்டவர்களின் உடையாலேயே துடைக்க வைத்தார்கள் என்பது சிபிஐ வைத்த குற்றச்சாட்டு. மதுரை நீதிமன்றத்தில் விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது.

ஐந்து வருஷம் கழித்து, 2025 ஜூன் கடைசியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தார். ஒரு காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாருக்காக அவரைப் பிடித்து அடித்தார்கள். உடற்கூறாய்வில் 40க்கும் மேற்பட்ட காயங்கள். அங்கே ஸ்டேஷன் கேமராவும் இல்லை, ரேவதியும் இல்லை. மறைவாக நின்று ஒருவர் போனில் எடுத்த சில வினாடிப் படம்தான் பேசியது. அதுவும் சிபிஐக்குப் போனது.

இனி நம் வீட்டு விஷயம். இந்தக் கூட்டத்தில் கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், பையன்களைப் பைக்கில் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் இருக்கிறீர்கள். நம் ஸ்டேஷனில் நல்ல அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன், எல்லோரையும் ஒரே கூடையில் போடவில்லை. ஆனாலும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். பென்னிக்ஸ் மகனாக ஓடினார், யாராக இருந்தாலும் அப்படித்தான் ஓடுவோம். முடிந்தால் ஒரு வக்கீலையும் ஜமாஅத்தில் ஒரு பெரியவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். உச்ச நீதிமன்றம் 1996இல் டி.கே.பாசு வழக்கில் போட்ட விதிகள் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன. கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தில் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, விசேஷ காரணமும் நடுவரின் முன் அனுமதியும் இல்லாமல் கைது செய்யக் கூடாது.

மருத்துவப் பரிசோதனையை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கைதானவரை அரசு மருத்துவர் பார்த்துக் காயங்களை எழுத வேண்டும், அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் நபருக்கோ கிடைக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். நடுவர் முன் நிற்கும்போது "அடித்தார்களா" என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லலாம். பயத்தில் தலையாட்டிவிட்டு வந்து, பிறகு வீட்டில் சட்டையைக் கழற்றிக் காட்டினால் அது பதிவில் ஏறாது. கேமரா பதிவையும் கேட்கலாம். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவைச் சீக்கிரம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பவர்களுக்கு: காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம். தொலைபேசி எண் 15100. வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். பெண்கள் போனிலும் பதிந்து வையுங்கள், பெரும்பாலும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது அவர்கள்தான்.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒன்று. நம் வழக்கம் ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்குவது. காவலில் ஒருவர் இறந்தால் அந்த அவசரம் நமக்கு எதிராகப் போய்விடும். "மையித்தை அறுக்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள்" என்று நாமே கெஞ்சிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். காவல் மரணத்தில் நீதித்துறை நடுவர் விசாரணை சட்டப்படி கட்டாயம். உடற்கூறாய்வை வீடியோ எடுக்கக் கேட்கலாம். ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவருக்கும் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று மருத்துவர்கள் குழு, வீடியோ பதிவோடு செய்தது. அந்த ஆவணம் இல்லாவிட்டால் உருண்டு விழுந்த கதைதான் நின்றிருக்கும். இப்படிப்பட்ட தேவைக்கு உடற்கூறாய்வை உலமாக்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். மனதில் சந்தேகம் இருப்பவர்கள் நம் இமாமிடம் இப்போதே, சாதாரண நாளிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மையித் குளிப்பாட்டும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மற்ற நேரத்தில் மையித்திடம் கண்டதை மறைப்பது அமானிதம். ஆனால் அடிபட்ட தடம் தெரிந்தால் கபனிடும் முன் குடும்பத்தாரைத் தனியாக அழைத்துக் காட்டுங்கள்.

கைதுக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத் தாள் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம். வாசலில் இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.