மீனாட்சி அம்மாள் ஏறிய மேடை
(தோட்ட மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1931இல் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கிய கோ. நடேசய்யரை எல்லோருக்கும் தெரியும். அவர் பேசுமுன் மேடையேறிப் பாடிக் கூட்டம் சேர்த்தவர் அவர் மனைவி மீனாட்சி அம்மாள். அன்று சங்கக்காரர் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் வழக்கு. ஆனால் பாட்டை எந்தத் துரை மறிப்பது? எழுத்துத் தெரியாதவரும் அதை லயத்துக்குக் கொண்டுபோகலாம். அம்மாள் பத்திரிகையிலும் எழுதினார். 1940இல் பாடல்களைப் புத்தகமாகவும் போட்டார்.

ஆம்பளைக்குச் சமமான சம்பளம் நமக்கு 1984இல்தான் வந்தது. அதுவும் வேலைநிறுத்தம் செய்துதான்.

கொழுந்து எடுப்பது நாம், சந்தா கட்டுவதும் நாம். கமிட்டித் தலைவர் மட்டும் எப்போதும் ஆம்பளையா? ஞாயிற்றுக்கிழமை தெரிவு இருக்கிறது. ஐந்து பெண்களாவது பேர் கொடுங்கள். அன்றைக்குச் சோறாக்குவதை வீட்டு ஆம்பளைகள் பார்த்துக்கொள்ளட்டும்.