மடித்த ரொட்டிக்குள் மறைந்திருக்கும் கணக்கு



மலாக்காவின் கடலோரத்தில், அலோர் காஜா மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர் கோலா சுங்கை பாரு. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு காலத்தில் பொழுது விடியும் முன்பே பெரட்டுக்கு மணி அடிக்கும். கருப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, கத்தியும் வாளியுமாகப் பால்மரக் காட்டுக்கு நடந்த தலைமுறை அது. கோட்டா முடித்து வீடு திரும்பும்போது உண்டதெல்லாம் வியர்வையாகக் கரைந்திருக்கும். சோறு எத்தனை தட்டு என்று யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இல்லை.

இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். வார இறுதியில் தாத்தா பாட்டியைப் பார்க்க வரும்போது கையில் சூடான அட்டைப் பெட்டி வருகிறது. சில நாள் பீட்சா. சில நாள் முர்தபாக். சில நாள் சீஸ் நானும் தந்தூரிக் கோழியும். இப்போது அந்த வரிசையில் கல்சோனேயும் சேர்ந்துகொண்டது.

கல்சோனே இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பண்டம். பீட்சா மாவை வட்டமாகத் தட்டி, இறைச்சியும் சீஸும் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை அழுத்தி அடுப்பில் சுடுவார்கள். பார்வைக்குப் பெரிய கறிபாப் போல இருக்கும். மடித்த மாவுக்குள் இறைச்சி வைக்கும் பழக்கம் தமிழர்களுக்கும் புதிதல்ல. மாமாக் கடை முர்தபாக் அதன் தூரத்துச் சொந்தக்காரன்தான். ஆகவே கல்சோனேயைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி முர்தபாக்குக்கும் சீஸ் நானுக்கும் பொருந்தும்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒருவருக்கென்று செய்யப்படும் கல்சோனேயைப் பிரித்துப் பார்ப்போம். மைதா மாவு 120 கிராம், மொசரெல்லா சீஸ் 80 கிராம், வெந்த கோழி இறைச்சி 80 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். மாவில் ஏறக்குறைய 440 கலோரி. சீஸில் 240. கோழியில் 165. எண்ணெயில் 120. கூட்டினால் 950 கலோரியைத் தாண்டுகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் இதைச் செலவழிக்க வேண்டுமானால், வேகமாக நடந்தால்கூட நான்கு மணி நேரம் வரை ஆகும்.

இதனால் கல்சோனேயை நஞ்சு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதில் 50 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதே அறுபது கிலோ மனிதருக்கு ஒரு நாளுக்குத் தேவையான புரதம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சீஸிலிருந்து மட்டும் 400 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் 1,000 மில்லிகிராமில் இது நல்ல பங்கு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாவுச்சத்து 90 கிராமுக்கும் மேல். அத்தனையும் தவிடு நீக்கிய மைதா. கொழுப்பு 40 கிராம். நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும் என்பது அறிவுரை. இதில் இருப்பதோ மூன்று கிராம்தான். சீஸிலும் மாவிலும் இறைச்சியிலும் உள்ள உப்பைச் சேர்த்தால் சோடியம் 1,500 மில்லிகிராமை எட்டிவிடும். ஒரு நாள் முழுமைக்குமே 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கோழிக்குப் பதில் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை வைத்தால் உப்பு இன்னும் ஏறும்.

நம் பசியாறல் மட்டும் குறைந்ததா?

வெள்ளைக்காரன் பண்டம்தான் கெடுதல், நம் பண்டம் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் அடங்கிய மலேசியக் காலைப் பசியாறல் பண்பாட்டை 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தனது மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும் கணக்கு கணக்குதான். ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி. இரண்டு சாப்பிட்டு, இரண்டு மேசைக்கரண்டி இனிப்புப் பால் ஊற்றிய தே தாரேக்கும் குடித்தால் 730 கலோரி. இதில் குழம்பு சேரவில்லை. அந்தத் தேநீரில் மட்டும் சர்க்கரை 20 கிராமுக்கு மேல். புரதமோ கல்சோனேயில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்தது. அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட முடியாது. நாட்டில் 50 ஆயிரத்திற்கும் அதிகமானோர் ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நம்பி வாழ்கிறார்கள். சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதற்காரணம் நீரிழிவே. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சம்பாதிக்க வேண்டிய தகப்பன் நாற்காலியில் சாய்ந்து கிடக்க, பக்கத்தில் மனைவி காத்திருக்கும் காட்சி தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

தெற்காசியர்களின் உடல்வாகில் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்வது அதிகம். தராசு எடையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே அபாய மணி அடிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். தையல் நாடா ஒன்று போதும்; செலவில்லாத பரிசோதனை.

வழி என்ன?

பேரப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்ததைத் தள்ளி வைத்தால் பிள்ளையின் முகம் வாடிவிடும். தள்ள வேண்டாம், பங்கிடுங்கள். ஒரு கல்சோனேயை இரண்டு பேருக்கு வெட்டினால் ஆளுக்கு ஏறக்குறைய 480 கலோரி. தட்டின் மறுபாதியை வெள்ளரி, வல்லாரை, தக்காளி, கீரை நிரப்பட்டும். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ முறையும் இதுதான்: கால் தட்டு மாவுப்பொருள், கால் தட்டு இறைச்சி அல்லது மீன், அரைத் தட்டு காய்கறியும் பழமும். குடிக்க வெறும் தண்ணீர்.

வீட்டிலேயே செய்வது இன்னும் நல்லது. ஆட்டா மாவு 60 கிராம், சீஸ் 30 கிராம், கோழி 60 கிராம், வெங்காயமும் கோஸும் காளானும் தாராளமாக, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. மடித்து, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டால் 500 கலோரிக்குள் அடங்கும். புரதம் 30 கிராம் கிடைக்கும். நார்ச்சத்து எட்டு கிராம்வரை உயரும். ருசிக்கும் குறைவிருக்காது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் உணவு முறையை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் ரத்தத்தில் இனிப்பின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி எதுவும் இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். நீரிழிவு ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

பால்மரம் வெட்டிய தலைமுறை உழைப்பால் உணவைச் செரித்தது. அந்த உழைப்பு இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் அவர்கள் படித்த கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைச் சாப்பாட்டு மேசையிலும் போட்டுப் பார்க்கட்டும். அட்டைப் பெட்டியைத் திறக்கும்போது கூடவே ஒரு கத்தியை எடுத்து இரண்டாக வெட்டுங்கள். தாத்தாவும் பேரனும் ஆளுக்குப் பாதியாகச் சாப்பிடும் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் பல ஆண்டுகள் தொடரட்டும்.